இசைத்தட்டைக் கணினியில் பதியும்போது ஒலி ஏன் இவ்வளவு சன்னமாக வருகிறது?

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பழைய டர்ன்டேபிள் ஒன்று இருக்கிறது. அதன் பின்னாலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களை ஒரு மாற்றுக் கேபிள் வழியாக மடிக்கணினியின் ஒரே ஜாக்கில் செருகியிருக்கிறீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தால் அலைவடிவம் நடுக்கோட்டை ஒட்டி நூல் மாதிரி கிடக்கிறது. ரெக்கார்டிங் ஸ்லைடரை 100 வரை தள்ளியும் பார்த்துவிட்டீர்கள். பதிந்த பிறகு 'ஆம்ப்ளிஃபை' போட்டால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் ஹம்மும் எழுந்து வருகின்றன. நல்ல சவுண்ட் கார்டு வாங்கினால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஊசியிலிருந்து கோப்பு வரை சிக்னல் ஐந்தாறு இடங்களைக் கடந்து போகிறது. அதில் எந்த இடத்தில் மெலிகிறதோ அந்த இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிந்தைய இடங்களில் எவ்வளவு பெருக்கினாலும், நடுவில் சேர்ந்துகொண்ட இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவீர்கள். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால், பெரும்பாலும் நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி, இல்லை. ஊசியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். அதில் மூவிங் மேக்னெட் வகை வெளியே தருவது சுமார் 3 முதல் 6 மில்லிவோல்ட். மூவிங் காயில் வகையில் பல, அரை மில்லிவோல்ட்கூடத் தராது. ஆடியோ கருவிகளின் சிக்னலை வாங்கும் 'லைன் இன்' உள்ளீடு எதிர்பார்ப்பதோ 0.3 வோல்ட்டிலிருந்து மேலே. சிடி பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் வரை கொடுக்கும். 5 மில்லிவோல்ட்டையும் 2 வோல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 400 மடங்கு வித்தியாசம். ஃபோனோ ப்ரீஆம்ப் இந்த இடைவெளியை நிரப்புகிறது. மூவிங் மேக்னெட்டுக்கு ஏறக்குறைய 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்கித் தரும். மூவிங் காயிலுக்கு 60 டெசிபல், 1000 மடங்கு தேவைப்படும். அதனால் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜை மூவிங் மேக்னெட்டுக்கான ப்ரீஆம்ப்பில் மாட்டினாலும் பதிவு சன்னமாகத்தான் வரும். இதையும் நினைவில் வையுங்கள்.

பெருக்குவது மட்டும் அதன் வேலை இல்லை. தட்டை வெட்டும்போதே கனமான (பேஸ்) ஒலிகளைக் குறைத்து, கீச்சு ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். கனமான ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி, தட்டில் இடம் போதாது. கீச்சு ஒலிகளைக் கூட்டி வெட்டினால், கேட்கும்போது அவற்றைக் குறைக்கையில் தட்டின் சரசரப்பும் கூடவே குறையும். 1954-இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைகோடு இதற்கான பொது அளவு. கேட்கும்போது ப்ரீஆம்ப் இதைத் திருப்பிப் போட வேண்டும். 1000 ஹெர்ட்சோடு ஒப்பிட்டால், 20 ஹெர்ட்சில் ஏறக்குறைய 19 டெசிபல் கூட்டும், 20,000 ஹெர்ட்சில் அதே அளவுக்குக் குறைக்கும். ஆகவே உங்கள் பதிவு சன்னமாக மட்டும் இருக்கிறதா, இல்லை பேஸே இல்லாமல் தகர டப்பாவுக்குள் பாடுவது போலவும் இருக்கிறதா என்று கவனித்துக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால், ப்ரீஆம்ப் இல்லை என்பதற்கு அது வலுவான அறிகுறி. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும் பிளேயரை இன்னொரு ப்ரீஆம்ப்பில் மாட்டினால் ஒலி பெருத்து, பேஸ் குமுறி, உடைந்து கேட்கும்.

சரி, ப்ரீஆம்ப் எங்கே கிடைக்கும்? முதலில் டர்ன்டேபிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். கொஞ்சம் புதிய மாடல்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும். 'ஃபோனோ' என்றும் 'லைன்' என்றும் இரண்டு நிலை உள்ள ஒரு சின்ன சுவிட்ச் அதைச் சேர்க்கும் அல்லது விலக்கும். நண்பர் ஒருவர் மூன்று வாரம் ஆடாசிட்டியின் எல்லா அமைப்புகளையும் மாற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய் பிளேயரைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆர்சிஏ ஜாக்குகளுக்குப் பக்கத்தில், தூசி படிந்து, அரிசி மணி அளவுக்கு ஒரு கறுப்புச் சுவிட்ச். 'ஃபோனோ' பக்கம் இருந்தது. நகத்தால் 'லைன்' பக்கம் தள்ளியதும், லெவல் மீட்டர் இடது ஓரத்திலிருந்து முக்கால் தூரம் தாண்டி வந்து ஆடியது. நண்பர் பேசவே இல்லை, பாட்டு முடியும் வரை உட்கார்ந்து கேட்டார்.

அந்தச் சுவிட்ச் இல்லையென்றால், வீட்டில் ஃபோனோ உள்ளீடு கொண்ட பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளேயரை அதில் மாட்டி, பின்னால் 'டேப் அவுட்' அல்லது 'ரெக் அவுட்' என்று எழுதிய ஜாக்கிலிருந்து கணினிக்கு எடுங்கள். அந்த ஜாக்கின் அளவு வால்யூம் குமிழுக்குக் கட்டுப்படாது, எப்போதும் ஒரே மாதிரி லைன் அளவில் வரும். ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் வால்யூமைத் தொட்டாலே பதிவு மாறிவிடும். தவறிக்கூட ஸ்பீக்கர் முனைகளிலிருந்து எடுக்காதீர்கள், சவுண்ட் கார்டு கருகிவிடும். ஆம்ப்ளிஃபையரும் இல்லையென்றால் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்று வாங்கத்தான் வேண்டும். சிறிய பெட்டிதான். உங்கள் கார்ட்ரிட்ஜ் வகைக்கு ஏற்றதா, மூவிங் மேக்னெட் என்றால் உள்ளீட்டு மின்தடை 47 கிலோ ஓம் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டர்ன்டேபிளிலிருந்து தனியாக ஒரு மெல்லிய எர்த் வயர் வந்தால் அதை ப்ரீஆம்ப்பின் திருகில் கட்டுங்கள். நீங்கள் சொன்ன ஹம்மில் பெரும்பகுதி அதிலேயே அடங்கக்கூடும்.

ஒரு விதிவிலக்கு. ஸ்பீக்கரோடு சேர்ந்த பழைய பெட்டிப் பிளேயர்கள் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். அதை ஃபோனோ ப்ரீஆம்ப்பில் மாட்டக் கூடாது.

அடுத்தது, மடிக்கணினியின் அந்த ஒற்றை ஜாக். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் லைன் இன் கிடையாது. ஹெட்செட்டுக்காக, நான்கு தொடுபகுதி கொண்ட பின்னுக்கான ஜாக் மட்டும் இருக்கும். மூன்று தொடுபகுதி மட்டுமே கொண்ட சாதாரண ஸ்டீரியோ பின்னை அதில் செருகினால் கணினி அதை ஹெட்ஃபோன் என்று எடுத்துக்கொள்ளும். மைக் உள்ளீடே உங்கள் கேபிளைத் தொடாது. அப்படியானால் எது பதிவாகிறது? கணினித் திரைக்கு மேலே இருக்கும் மைக். சோதிப்பது எளிது. ஊசியை இறக்கி, ஆடாசிட்டியின் மீட்டர் ஓடும்போது, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊசி முனை அளவுத் துளை அருகே நகத்தால் இரண்டு தட்டு தட்டுங்கள். மீட்டர் துள்ளினால் நீங்கள் இத்தனை நாளும் பதிந்தது தட்டிலிருந்து நேராக வந்த ஒலியை அல்ல, அறையில் கேட்கும் ஒலியை. ஆம்ப் எதுவும் ஓடாவிட்டால்கூடப் பள்ளத்தில் ஓடும் ஊசியே சன்னமாகப் பாடும். அதையும் அந்த மைக் பிடிக்கும். பாட்டு லேசாகக் கேட்கிறதே, இணைப்பு சரிதான் என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

ஜாக்கில் மைக் உள்ளீடு சரியாக வேலை செய்தாலும் அது மோனோ. மைக்குக்கு மின்சாரம் ஊட்ட ஒரு சிறு மின்னழுத்தத்தையும் வைத்திருக்கும். மில்லிவோல்ட் அளவுக்கென்று செய்தது என்பதால், ப்ரீஆம்ப் போட்ட பிறகு அதே ஜாக்கில் மாட்டினால் இப்போது உடைந்து கேட்கும். எனவே லைன் இன் இல்லாத கணினிக்கு, ஸ்டீரியோ லைன் உள்ளீடு உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவைதான். நீங்கள் கேட்ட சவுண்ட் கார்டு இந்த இடத்தில்தான் வருகிறது. ஆனால் ப்ரீஆம்ப்புக்குப் பதிலாக அல்ல, ப்ரீஆம்ப்புக்குப் பிறகு. எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும் 5 மில்லிவோல்ட்டை நேராகக் கொடுத்தால் அதே நூல்தான் திரையில் வரும்.

குறை கணினிப் பக்கமா, பிளேயர் பக்கமா என்று ஒரே சோதனையில் பிரித்துவிடலாம். அதே கேபிளின் மறுமுனையில், டர்ன்டேபிளுக்குப் பதிலாக ஒரு கைபேசியையோ வேறு எம்பி3 பிளேயரையோ மாட்டி, பாதி வால்யூமில் பாட்டு ஓட விடுங்கள். மீட்டர் நன்றாக ஏறினால் கேபிள், ஜாக், கணினி, அமைப்புகள் எல்லாம் நலம், குறை கேபிளுக்கு முன்னால். அதுவும் சன்னமாகவே இருந்தால் பிளேயரை மறந்துவிட்டுக் கணினியைப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகும், மிச்சப்படுத்துவது பல நாள்.

கணினிப் பக்கம் என்று தெரிந்தால் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. விண்டோசில் சவுண்ட் கன்ட்ரோல் பேனலின் ரெக்கார்டிங் பகுதியில் உங்கள் சாதனத்தைத் திறந்து, லெவல்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். ஆடாசிட்டியில் இருக்கும் ஸ்லைடரும் இதுவும் வேறு வேறாக இருக்கலாம். அட்வான்ஸ்டு பகுதியில் ஒரு சேனலா, இரண்டு சேனலா என்று பாருங்கள். யூஎஸ்பி டர்ன்டேபிள்களை விண்டோஸ் சில நேரம் மைக் என்று எண்ணி ஒரு சேனலுக்கு வைத்துவிடும். இரைச்சல் நீக்கம், தானாக அளவு சரிசெய்தல் போன்ற 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அவை பேச்சுக்காகச் செய்தவை. நீண்டு ஒலிக்கும் வயலினை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். ஆடாசிட்டியில் ஹோஸ்ட், சாதனம், சேனல் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மேக்கில் ஆடியோ மிடி செட்டப், லினக்சில் அல்சாமிக்சரின் கேப்சர் பக்கம். ஒலியே வராமல் நேர்கோடாக இருந்தால், மென்பொருளுக்கு மைக் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று தனியுரிமை அமைப்புகளில் பாருங்கள்.

யூஎஸ்பி டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் ப்ரீஆம்ப்பும் டிஜிட்டல் மாற்றியும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. பெட்டியின் அடியிலோ பின்னாலோ கெய்ன் (பெருக்கும் அளவு) குமிழ் இருந்தால் அதுதான் உண்மையான கட்டுப்பாடு. பலவற்றில் கணினியின் ஸ்லைடர், டிஜிட்டலாக மாறிய பிறகு எண்களைப் பெருக்குகிறது அல்லது சுருக்குகிறது, அவ்வளவுதான். அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு, ஆனால் அந்தத் தட்டையான முனை திரையின் உச்சத்தைத் தொடாமல் பாதி உயரத்தில் நின்றால், பிளேயருக்குள்ளேயே நிரம்பி வழிந்துவிட்டது என்று பொருள். ஸ்லைடரை இறக்கிப் பயனில்லை.

இன்டர்ஃபேஸ் வாங்கி மாட்டியவர்கள் விழும் ஒரு குழியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கும் எளிதில் கிடைக்காத விஷயம் இது. பல இன்டர்ஃபேஸ்களில் இரண்டு பெரிய 6.35 மில்லிமீட்டர் உள்ளீடுகள் இருக்கும். ப்ரீஆம்ப்பிலிருந்து வரும் இரண்டு சேனலையும் ஒரே ஸ்டீரியோ பின்னில் சேர்த்து ஒரு உள்ளீட்டில் செருகுகிறார்கள். அந்த உள்ளீடு பேலன்ஸ்டு. பின்னின் நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து, மிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இடது சேனலிலிருந்து வலது சேனலைக் கழித்தால், இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதெல்லாம் காணாமல் போகும். பாடகரின் குரல் வழக்கமாக நடுவில் இருப்பதால் அது மறைந்து, ஓரத்து வாத்தியங்கள் மட்டும் சன்னமாகக் கேட்கும். தட்டு மோனோவாக இருந்தால் சரசரப்பு தவிர ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது. ஆகவே இடது, வலது இரண்டையும் தனித்தனி மோனோ பின்களில் தனித்தனி உள்ளீட்டில் செருகுங்கள். இசைக்கருவிக்கான அமைப்பு வேண்டாம், லைன் அமைப்பு போதும். மைக்குக்கு மின்சாரம் ஊட்டும் 48 வோல்ட் பொத்தானை அணைத்தே வையுங்கள். வீட்டுக் கருவிகளின் லைன் அளவு, ஸ்டுடியோக் கருவிகளின் அளவைவிட 12 டெசிபல் போலக் குறைவு. அதனால் இன்டர்ஃபேசின் கெய்ன் குமிழைத் தாராளமாகத் திருப்ப வேண்டியிருக்கும். இது கோளாறு இல்லை.

இதே கழித்தல் கதை கார்ட்ரிட்ஜிலும் நடக்கும். டர்ன்டேபிள் கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லுக்குள் நான்கு மெல்லிய கம்பிகள்: வெள்ளையும் நீலமும் இடதுக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. யாரோ கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது ஒரு சேனலின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றி மாட்டிவிட்டால், ஸ்டீரியோவில் கேட்கும்போது ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். அதையே மோனோவாகப் பதிந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆடாசிட்டியில் இரண்டு சேனலையும் பெரிதாக்கிப் பாருங்கள். மோனோத் தட்டில் இடது மேலே ஏறும் அதே கணத்தில் வலது கீழே இறங்கினால் கம்பிதான் காரணம்.

ஒரு பக்கம் மட்டும் சன்னமாக இருந்தால், டர்ன்டேபிளிலிருந்து ப்ரீஆம்ப்புக்குப் போகும் சிவப்பு, வெள்ளைப் பின்களை மாற்றிச் செருகுங்கள். குறை மறுபக்கம் தாவினால் அது டர்ன்டேபிளில் இருக்கிறது. தாவாவிட்டால் ப்ரீஆம்ப்பிலோ அதற்கு அப்பாலோ. இப்படி ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்து போனால் இடம் தானே மாட்டும். டர்ன்டேபிள் பக்கம் என்றால் ஹெட்ஷெல்லைக் கழற்றி, பின்னால் இருக்கும் நான்கு முனைகளையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். என்னுடைய ஒரு பிளேயரில் பஞ்சு கறுத்து வந்தது, வலது சேனலும் திரும்பி வந்தது. கம்பிகளின் கிளிப் தளர்ந்திருந்தால் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டுத்தான் இறுக்க வேண்டும். மாட்டியபடியே அழுத்தினால் பின் உடைந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அலை சின்னதாகத் தெரிகிறதா? அப்போது அது உண்மையிலேயே குறைவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆடாசிட்டி வழக்கமாகக் காட்டும் உயரம் டெசிபல் கணக்கில் இல்லை. முழு உயரம் 0 டெசிபல் என்றால், பாதி உயரம் மைனஸ் 6 டெசிபல், கால் உயரம் என்றால் மைனஸ் 12, பத்தில் ஒரு பங்கு என்றால் மைனஸ் 20. இன்றைய பாடல் கோப்பு ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்தால் அது செங்கல் மாதிரி நிரம்பி நிற்கும், ஏனென்றால் அதை அமுக்கி, உச்சம் வரை ஏற்றி வெளியிடுகிறார்கள். தட்டு அப்படி இருக்காது, இருக்கவும் வேண்டாம். தட்டுக்குத் தட்டு வித்தியாசமும் உண்டு. ஒரு பக்கத்தில் அரை மணி நேரம் அடைத்த எல்பி சன்னமாகவே வெட்டப்பட்டிருக்கும். 45 சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டு ஓங்கி ஒலிக்கும்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? 16 பிட் பதிவில் ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் 96 டெசிபல் இடம் இருக்கிறது. தட்டின் சொந்த இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவே இருப்பது 60, 70 டெசிபல்தான். மைனஸ் 12 டெசிபலில் பதிந்தாலும் 84 மிச்சம். 24 பிட்டில் பதிந்தால் இந்தக் கவலையே இல்லை. ஆகவே குறைவாகப் பதிவது பெரிய இழப்பு அல்ல, அதிகமாகி வெட்டுப்படுவதுதான் மீட்க முடியாத இழப்பு. தட்டின் அந்தப் பக்கத்தில் எது உரத்த இடமோ அதை ஓட விட்டு, உச்சம் மைனஸ் 6 முதல் மைனஸ் 10 டெசிபலுக்குள் நிற்கும்படி கெய்னை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தத் தட்டு முடியும் வரை குமிழைத் தொடாதீர்கள். மெல்லிய பாட்டு மெல்லியதாகவே பதியட்டும்.

கடைசியாக அளவை ஏற்றும்போது வரிசை முக்கியம். ஊசி இறங்கும் 'டொப்' சத்தத்தை முதலில் வெட்டி எறியுங்கள். அடுத்து 20 ஹெர்ட்சுக்குக் கீழே இருப்பதை ஹைபாஸ் வடிகட்டியால் எடுத்துவிடுங்கள். வளைந்த தட்டில் அந்தக் கேட்காத ஆட்டமே நிறைய இடத்தைத் தின்னும். பிறகு கீறல்களின் 'டிக்' சத்தங்களை நீக்குங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நார்மலைஸ், அதாவது உச்சம் நீங்கள் சொல்லும் அளவைத் தொடும்படி எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுவது. பலர் இதை முதலில் செய்துவிட்டு, மைனஸ் 1 டெசிபல் என்று போட்டும் ஒலி ஏறவே இல்லை என்கிறார்கள். பாட்டின் உச்சம் மைனஸ் 15-இல் இருக்க, ஒரே ஒரு கீறல் மைனஸ் 2 வரை துள்ளியிருக்கும். மென்பொருள் அந்தக் கீறலைத்தான் உச்சம் என்று அளக்கும். அதை நீக்கிவிட்டுப் பாருங்கள், முழுப் பக்கமும் ஒரேயடியாக 14 டெசிபல் மேலே வரும். பாட்டு பாட்டாகப் பிரிப்பதற்கு முன், பக்கம் முழுவதையும் சேர்த்தே நார்மலைஸ் செய்யுங்கள். தொடாத மூலப் பதிவையும் 24 பிட் ஃபிளாக் கோப்பாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.